டிஸ்கில் இடம் இருக்கும்போதே "இடமில்லை" என்ற சர்வர்

ஏற்கெனவே லாகின் செய்து உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. புதிதாக லாகின் செய்கிறவர்கள் மட்டும் சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்து நிற்கிறார்கள். பிரச்சினை வெளியே தெரிந்தது இப்படித்தான். பிஎச்பி லாகைத் திறந்தால் செஷன் கோப்பை (யார் லாகின் செய்திருக்கிறார் என்பதை சர்வர் நினைவில் வைக்கும் சிறு கோப்பு) திறக்க முடியவில்லை என்ற வரி வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரே வாசகம்: "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ் (28)".

சர்வர் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உபுண்டு லினக்ஸ், வெப் சர்வராக என்ஜின்எக்ஸ், பிஎச்பி கோடை ஓட்ட பிஎச்பி எஃப்பிஎம், 20 ஜிபி டிஸ்க், அதில் ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஒரே ஒரு பார்ட்டிஷன். டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருக்கிறது. முன்னால், வருகிற கோரிக்கைகளை வாங்கி சர்வருக்கு அனுப்பும் லோடு பேலன்சர் ஒன்று நின்று, சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று 10 விநாடிக்கு ஒரு முறை முகப்புப் பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும். இந்தக் கடைசி விஷயம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

இடமில்லை என்றால் எல்லோரும் முதலில் ஓட்டுவது டிஸ்க் நிலவரத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளைதான். எச் ஆப்ஷனோடு ஓட்டினேன். மொத்தம் 20 ஜிபி, பயன்பாட்டில் 12 ஜிபி, 65 சதவீதம். தாராளமாக இடம் இருக்கிறது. பயன்பாட்டில் இருப்பதையும் காலியையும் கூட்டினால் மொத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். 20 ஜிபியில் அது 1 ஜிபி.

அந்த ஒதுக்கீட்டில்தான் ஏதோ சிக்கலோ என்று ஒரு சந்தேகம் வந்தது. சோதிப்பது எளிது. சூடோ போட்டு ரூட்டாக மாறி, டச் கட்டளையால் ஒரு காலிக் கோப்பை உருவாக்கிப் பார்த்தேன். ரூட்டுக்கும் அதே பதில், இடமில்லை. ஒதுக்கீடுதான் காரணம் என்றால் ரூட்டாவது தப்பித்திருக்க வேண்டும். ஆக அது இல்லை. இன்னொரு விசித்திரமும் கண்ணில் பட்டது. ஒரு டைரக்டரி பெயரைப் பாதி அடித்துவிட்டு டேப் விசையைத் தட்டினால், தற்காலிகக் கோப்பு உருவாக்க முடியவில்லை என்று, கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல் திட்டியது. ஆனால் அதே நேரத்தில் என்ஜின்எக்ஸின் ஆக்சஸ் லாக் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருந்தது. இருக்கிற கோப்பில் எழுத முடிகிறது, புதுக் கோப்பு திறக்க முடியவில்லை. இந்த வித்தியாசத்திலேயே விடை இருந்தது. ஆனால் சைட் படுத்திருக்கும் நேரத்தில் கை வேறு பக்கம் போய்விட்டது.

வழக்கமான துப்புரவைத் தொடங்கினேன். ஜர்னல்சிடிஎல் கட்டளையின் வேக்யூம் சைஸ் ஆப்ஷனுக்கு 200 எம்பி என்று கொடுத்து, சிஸ்டம் லாகான ஜர்னலின் பழைய பகுதியைக் குறைத்தேன். இறக்கிவைத்த பேக்கேஜ் கோப்புகளை அழிக்கும் ஏப்ட் கிளீன் ஓட்டினேன். இரண்டும் சேர்ந்து 1 ஜிபிக்கு மேல் மிச்சப்படுத்தின. உடனே லாகின் வேலை செய்தது. சரி, முடிந்தது என்று நினைத்தால், 20 நிமிடத்துக்குள் மறுபடி அதே பிழை. 1 ஜிபியை 20 நிமிடத்தில் எது தின்னும்? டிஎஃப் எடுத்துப் பார்த்தால் அந்த 1 ஜிபி தின்னப்படாமல் அப்படியே இருக்கிறது.

அப்புறம்தான் டிஎஃப் கட்டளையைச் சின்ன ஐ ஆப்ஷனோடு ஓட்டினேன். மொத்த ஐநோடு 13,10,720. பயன்பாட்டில் 13,10,720. காலி 0. சதவீதம் 100.

ஈஎக்ஸ்டி4 டிஸ்கில் ஒவ்வொரு கோப்புக்கும், ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஒரு ஐநோடு, அதாவது அதன் விவரங்களை வைக்கும் ஒரு பதிவு, வேண்டும். எத்தனை ஐநோடு என்பது டிஸ்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும். வழக்கமான அளவு 16,384 பைட்டுக்கு ஒன்று. 20 ஜிபியை அதால் வகுத்தால் கச்சிதமாக மேலே சொன்ன எண் வரும். பின்னால் இதை ஏற்ற வேண்டுமானால் பார்ட்டிஷனைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் புதிதாக ஃபார்மேட் செய்ய வேண்டும். ஜிபி தீர்ந்தாலும் லினக்ஸின் மையமான கெர்னல் சொல்லும் பிழை எண் 28தான், ஐநோடு தீர்ந்தாலும் 28தான். இதே 28 இன்னோர் இடத்திலும் வரும். நோடு ஜேஎஸ் மாதிரியான கருவிகள் கோப்பு மாற்றங்களைக் கவனிக்க வைக்கும் ஐநோட்டிஃபை வாட்ச்களின் வரம்பு தாண்டினாலும் "இடமில்லை" என்றே சொல்லும். அங்கே டிஸ்கைத் துடைத்து ஒரு பயனும் இல்லை, சிஸ்சிடிஎல் வழியாக வாட்ச் வரம்பை ஏற்ற வேண்டும். வெப் டெவலப்பர்கள் அதிலும் மாட்டிக்கொள்வது உண்டு.

இனி, எந்த டைரக்டரி இத்தனை கோப்புகளை வைத்திருக்கிறது என்று தேட வேண்டும். டியு கட்டளையில் ஐநோட்ஸ் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அளவுக்குப் பதிலாகக் கோப்புகளின் எண்ணிக்கையைச் சொல்லும். அதோடு எக்ஸ் ஆப்ஷனைச் சேர்த்தால் வேறு டிஸ்க்குகளுக்குள் போகாது, டி 1 என்று சேர்த்தால் ஒரு நிலை ஆழம் மட்டும் காட்டும். மேல்மட்ட ரூட் டைரக்டரியில் தொடங்கி, வெளியீட்டை எண்ணின்படி வரிசைப்படுத்தும் சார்ட் என் கட்டளைக்கு பைப் செய்து, எது பெரிதோ அதற்குள் இறங்கிக்கொண்டே போனேன். யுஎஸ்ஆர் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல், அது இயல்பு. வார் டைரக்டரிக்குள் அப்ளிகேஷன், அதற்குள் செஷன்ஸ் என்ற டைரக்டரி. அங்கே கிட்டத்தட்ட 11 லட்சம்.

அந்த டைரக்டரியில் எல்எஸ் அடித்தால் டெர்மினல் அப்படியே உறைந்துவிடும். எல்எஸ் எல்லாப் பெயர்களையும் படித்து, வரிசைப்படுத்தி முடித்த பிறகுதான் முதல் வரியையே காட்டும். சின்ன எஃப் ஆப்ஷன் கொடுத்தால் வரிசைப்படுத்தாமல் வந்தது வந்தபடி கொட்டும். அதை ஹெட் கட்டளைக்கு பைப் செய்து 20 பெயரைப் பார்த்தேன். எல்லாம் செஸ் என்று தொடங்கி, ஒரு அடிக்கோடு, பிறகு நீண்ட எழுத்துக் குப்பை. பிஎச்பி செஷன் கோப்புகள். சிலவற்றின் அளவைப் பார்த்தேன், அத்தனையும் 0 பைட். காலிக் கோப்புக்கு டேட்டா பிளாக் தேவையில்லை, ஐநோடு மட்டும் வேண்டும். 11 லட்சம் கோப்பு இருந்தும் ஜிபி கணக்கில் எதுவுமே தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

சுத்தம் செய்யப் போனால் கருவிகளே ஓட மறுத்தன. நெட்வொர்க் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்று டிமக்ஸ் திறக்கப் போனால், அது தன் சாக்கெட்டை டிஎம்பி டைரக்டரியில் உருவாக்க வேண்டும், அதற்கும் ஒரு ஐநோடு வேண்டும், அது இல்லை. சார்ட் கட்டளையும் பெரிய பட்டியலாக இருந்தால் தற்காலிகக் கோப்பு கேட்கும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: டெவ் டைரக்டரிக்குள் இருக்கும் எஸ்எச்எம். அது ரேமில் ஓடும் தனி ஃபைல் சிஸ்டம், அதன் ஐநோடு கணக்கும் தனி. டிஎம்பிடிஐஆர் என்ற என்விரான்மென்ட் மாறியையும், டிமக்ஸுக்கென்று இருக்கும் டிமக்ஸ் டிஎம்பிடிஐஆர் மாறியையும் அந்த டைரக்டரிக்குத் திருப்பினேன். இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். டிமக்ஸ் திறந்துகொண்டது, சார்ட்டும் ஒழுங்காக ஓடியது. டிஸ்க் எந்தக் காரணத்தால் நிரம்பியிருந்தாலும் உதவும் வழி இது. அவசர நேரத்துக்காகவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழிக்கும்போது ஆர்எம் கட்டளையும் நட்சத்திரக் குறியும் சரிவராது. நட்சத்திரத்தை விரித்து 11 லட்சம் பெயர்களாக மாற்றுவது ஷெல்; அத்தனையையும் ஒரே கட்டளைக்குக் கொடுக்கப் போனால், பட்டியல் மிக நீளம் என்று கெர்னல் தடுத்துவிடும். அந்த மெஷினில் கெட்கான்ஃப் வழியாக, அந்த நீளத்துக்கான வரம்பான ஆர்க் மேக்ஸ் மதிப்பைக் கேட்டேன்: 20,97,152 பைட், அதாவது 2 எம்பி. இந்தக் கோப்புப் பெயர்களோ அதைப்போலப் பதினைந்து மடங்குக்கு மேல் வரும்.

ஃபைண்ட் கட்டளைதான் இதற்குச் சரி. ஒவ்வொன்றாகப் படித்து ஒவ்வொன்றாக அழிக்கும். அதில் மூன்று விஷயங்களைக் கவனமாகச் செய்தேன். டெலீட் என்ற சொல் கட்டளையின் கடைசியில்தான் வர வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாக நிபந்தனைகளைப் பார்க்கும்; டெலீட்டை முன்னால் போட்டுவிட்டால் அதற்குப் பின்னால் எழுதிய எந்த வடிகட்டலும் பார்க்கப்படாமல் எல்லாமே போய்விடும். அதனால் முதலில் டெலீட்டுக்குப் பதில் பிரிண்ட் போட்டு, ஹெட்டுக்கு பைப் செய்து, வருகிற பெயர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டேன். அடுத்தது வயது. எம்டைம் ஆப்ஷனில் பிளஸ் 1 என்று கொடுத்தால் ஒரு நாளுக்கு மேல் பழையது என்று தோன்றும். உண்மையில் ஃபைண்ட் முழு நாட்களை மட்டுமே எண்ணுவதால் 48 மணி நேரம் தாண்டியவைதான் சிக்கும். நிமிடக் கணக்கில் எம்மின் கொடுத்தால் இந்தக் குழப்பம் இல்லை. மூன்றாவது, காலியானவற்றை மட்டும் பிடிக்கும் எம்டி என்ற நிபந்தனை. இந்த அப்ளிகேஷன் லாகின் ஆன பிறகுதான் செஷனில் எதையாவது எழுதும். ஆக 0 பைட் கோப்பு என்றால் யாருடைய லாகினும் அதில் இல்லை. முதல் சுற்றில் 60 நிமிடத்துக்கு மேல் பழையதாகவும் காலியாகவும் இருப்பவற்றை மட்டும் அழித்தேன். உள்ளே வேலை செய்துகொண்டிருந்த ஒருவர்கூட வெளியே தள்ளப்படவில்லை.

மற்ற வேலைகளுக்கு வழிவிடச் சொல்லும் நைஸ் 19ஐ முன்னால் போட்டு ஓட்டியதில் 6 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. இன்னொரு டிமக்ஸ் ஜன்னலில் வாட்ச் கட்டளையோடு டிஎஃப் ஐநோடு எண்ணிக்கையை ஓடவிட்டிருந்தேன். 100 சதவீதத்திலிருந்து மளமளவென்று இறங்கி 17க்கு வந்து நின்றது. லாகின் முதல் சில விநாடிகளிலேயே திரும்பிவிட்டது.

இத்தனையும் எங்கிருந்து வந்தன? அழிப்பதற்கு முன்பே ஃபைண்டின் பிரிண்ட் எஃப் மூலம் தேதியோடு பட்டியலிட்டு, மிகப் பழையது எது என்று பார்த்து வைத்திருந்தேன். மூன்றரை மாதத்துக்கு முந்தையது. இப்போது லோடு பேலன்சர் கணக்குக்கு வருவோம். 10 விநாடிக்கு ஒரு கேள்வி என்றால் ஒரு நாளைக்கு 8,640. அது குக்கீ எதையும் திருப்பி அனுப்பாது. அதனால் ஒவ்வொரு முறையும் புது விருந்தாளி என்று நினைத்து பிஎச்பி ஒரு செஷன் கோப்பைத் திறக்கும். மூன்றரை மாதத்துக்கு 9 லட்சத்துக்கு மேல். மீதி, தேடுபொறிகளின் கிராலர்கள் போன்ற குக்கீ வைத்துக்கொள்ளாத மற்ற வருகைகள். துப்புரவுக்குப் பிறகு 20 நிமிடம் மட்டும் தாக்குப்பிடித்ததற்கும் கணக்கு பொருந்துகிறது. ஏப்ட்டும் ஜர்னலும் சேர்ந்து விடுவித்தது 150 கோப்பு மாதிரிதான் இருக்கும். 10 விநாடிக்கு ஒன்று வீதம் அது 25 நிமிடம் தாங்கும், கிராலர்கள் வந்தால் அதைவிடக் குறைவு. 1 ஜிபி மிச்சமானதற்கும் லாகின் திரும்பியதற்கும் சம்பந்தமே இல்லை.

பழைய செஷன்களை பிஎச்பியே அழிக்காதா என்றால், அழிக்கும், ஆனால் இங்கே இல்லை. பிஎச்பியின் இயல்பான அமைப்பில் செஷன் தொடங்கும்போது நூற்றில் ஒரு வாய்ப்பில் பழைய கோப்புகளைத் துடைக்கும். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த வாய்ப்பை 0 என்று வைத்திருப்பார்கள். அங்கே செஷன் டைரக்டரியின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட வெப் சர்வர் பயனருக்கு அனுமதி இருக்காது, ஆகவே துடைக்கும் வேலையை ரூட்டாக ஓடும் ஒரு தனி டைமர் ஒவ்வொரு மணியிலும் 9ஆம் நிமிடமும் 39ஆம் நிமிடமும் செய்யும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த டைமர் எந்த டைரக்டரியைத் துடைக்க வேண்டும் என்பதை பிஎச்பி ஐஎன்ஐ கோப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. இந்த அப்ளிகேஷனோ கோடுக்குள்ளேயே செஷன் பாதையைத் தன் டைரக்டரிக்கு மாற்றிவிடுகிறது. டைமருக்கு அந்த இடம் தெரியவே தெரியாது. டெவலப்பரின் மெஷினில் டாக்கர் கன்டெய்னரில் ஓடும்போது நூற்றில் ஒன்று என்ற இயல்பான அமைப்பே இருக்கும், அங்கே எல்லாம் தானாகத் துடைபடும். அதனால் டெவலப்மென்டில் இது கண்ணில் படவே படாது.

சரிசெய்ததைப் பார்ப்போம். முதல் வேலை, லோடு பேலன்சர் சர்வரின் நலம் பார்க்கும் ஹெல்த் செக்கை முகப்புப் பக்கத்திலிருந்து பிரித்தது. என்ஜின்எக்ஸே 200 என்று பதில் சொல்லிவிடுகிற மாதிரி வைக்கலாம், ஆனால் பிஎச்பி செத்துக் கிடந்தாலும் அது நலம் என்றே சொல்லும். பிஎச்பி எஃப்பிஎம்மின் பூல் அமைப்பில் பிங் பாத் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பாதையைக் கொடுத்தால் அதற்கு எஃப்பிஎம்மே பாங் என்று பதில் தரும். அப்ளிகேஷன் கோடு ஓடாது, செஷன் திறக்காது. என்ஜின்எக்ஸில் அந்தப் பாதைக்கு ஒரு லொகேஷன் பிளாக் எழுதி, லோடு பேலன்சரின் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன்.

இரண்டாவது, துடைக்கும் ஏற்பாடு. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஃபைண்ட் கட்டளையைப் போடலாம் என்று பாதி எழுதிவிட்டு, சிஸ்டம்டியில் பழைய கோப்புகளைத் துடைக்கும் டெம்ப்ஃபைல்ஸ் பக்கம் போனேன். ஈடிசி டைரக்டரிக்குள் டெம்ப்ஃபைல்ஸ் டி என்ற இடத்தில் ஒரு கோப்பு, அதில் ஒரே வரி: சின்ன டி என்ற எழுத்து, டைரக்டரியின் பாதை, 0700 அனுமதி, உரிமையாளர், குழு, வயது 2 நாள். நாளுக்கு ஒரு முறை அதுவே ஓடும். கிரான் வரியில் வரும் பாத் மாறி சிக்கல், சதவீதக் குறிக்கு முன்னால் பின்சாய்வு போடும் சிக்கல் எதுவும் இதில் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: கோப்பு மாறிய நேரத்தை மட்டுமல்லாமல் கடைசியாகப் படிக்கப்பட்ட நேரத்தையும் இது பார்க்கும். தினமும் பேக்கப் மென்பொருள் அந்தக் கோப்புகளைப் படித்தால் அவை பழையவையாகவே ஆகாமல் போகலாம். அதனால் செஷன் டைரக்டரியை பேக்கப்பிலிருந்து விலக்கினேன். செஷனை பேக்கப் எடுப்பதில் எப்படியும் அர்த்தம் இல்லை.

செஷன்களை, தரவை ரேமில் வைக்கும் ரெடிஸ் என்ற சர்வீஸுக்கு மாற்றிவிடலாம், காலாவதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றும் யோசித்தேன். ஒரே ஒரு வெப் சர்வர் இருக்கும் இடத்தில், பராமரிக்க இன்னொரு சர்வீஸைச் சேர்ப்பது வேண்டாத சுமை என்று விட்டுவிட்டேன். இரண்டாவது வெப் சர்வர் வரும் நாளில் மாற்றியே ஆக வேண்டும்.

அப்புறம் ஒரு மிச்ச வேலை. காலிக் கோப்புகள் போன பிறகும் அந்த டைரக்டரியின் அளவு 60 எம்பிக்கு மேல் காட்டியது. ஈஎக்ஸ்டி4 டைரக்டரி ஒரு முறை பெருத்தால், உள்ளே காலியானாலும் தானாக இளைக்காது. அதைப் பட்டியலிடும்போதெல்லாம் காலியான பிளாக்குகளையும் படித்துக்கொண்டிருக்கும். தீர்வு, புது டைரக்டரி. பக்கத்திலேயே ஒன்றை உருவாக்கி, சௌன் கட்டளைக்கும் சிமாட் கட்டளைக்கும் ரெஃபரன்ஸ் ஆப்ஷனில் பழைய டைரக்டரியைக் காட்டினேன். உரிமையும் அனுமதியும் அப்படியே வந்துவிடும், எண்களைப் பார்த்து அடிக்க வேண்டியதில்லை. எஃப்பிஎம்மை நிறுத்தி, மிச்சமிருந்த உண்மையான செஷன்களை ஃபைண்ட் வழியாக நகர்த்தி, பெயர்களை மாற்றி, திரும்ப ஓடவிட்டேன். எல்லாவற்றையும் ஒரு சின்ன ஸ்கிரிப்டாக முன்பே எழுதி வைத்திருந்ததால் நிறுத்தம் 3 விநாடிக்குள் முடிந்தது. புது டைரக்டரியின் அளவு 4 கேபி.

கண்காணிப்பில் ஒரு ஓட்டை இருந்தது. டிஸ்க் 80 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும், ஆனால் அது பைட் கணக்கு மட்டும். டிஎஃப் கட்டளையின் அவுட்புட் ஆப்ஷனில் ஐபிசென்ட் என்று கேட்டால் ஐநோடு சதவீதம் மட்டும் தனியாக வரும். அதைப் பழைய ஸ்கிரிப்டில் இன்னொரு நிபந்தனையாகச் சேர்த்தேன். வரம்பை 10 என்று தற்காலிகமாகக் குறைத்து, எச்சரிக்கை மெயில் உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று பார்த்துவிட்டு 80க்குத் திருப்பினேன். வந்து சேராத எச்சரிக்கையை நம்பி உட்கார்ந்திருப்பது எச்சரிக்கையே இல்லாததைவிட ஆபத்து.

அடுத்த சர்வர் அமைக்கும்போது இரண்டு விஷயங்களை மாற்றுவேன். செஷன், கேஷ், அப்லோடு ஆகியவற்றுக்கு ஒரு தனி பார்ட்டிஷன். அது நிரம்பினாலும் ரூட் பார்ட்டிஷன் பிழைத்துக்கொள்ளும், டேப் விசையாவது வேலை செய்யும். அந்தப் பார்ட்டிஷனை ஈஎக்ஸ்டி4 ஆகவே வைத்தால், ஃபார்மேட் செய்யும்போது ஐநோடு விகிதத்தை 16,384க்குப் பதில் 8,192 என்று கொடுப்பேன். ஐநோடு ஒன்றுக்கு 256 பைட் என்பதால், 20 ஜிபி டிஸ்கில் எண்ணிக்கை இரட்டிப்பாக ஆகும் செலவு கூடுதலாக 320 எம்பிதான். எக்ஸ்எஃப்எஸ் எடுத்தால் இந்தக் கணக்கே வேண்டாம், அது தேவைப்படும்போது ஐநோடுகளை உருவாக்கிக்கொள்ளும்.

இந்த சர்வரில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. டியு ஐநோட்ஸ் பட்டியலில் செஷன்ஸ் போன பிறகு முதலிடத்துக்கு அடுத்ததாக நிற்பது ரிலீசஸ் டைரக்டரி. புதுப் பதிப்பை ஏற்றும் ஒவ்வொரு டிப்ளாய்க்கும், வெளி லைப்ரரிகள் இருக்கும் வெண்டர் டைரக்டரியின் முழுப் பிரதி ஒன்று அதில் சேர்கிறது. டிப்ளாய் ஸ்கிரிப்ட் இப்போது 5 பழைய ரிலீஸ்களை வைத்துக்கொள்கிறது. அதை 2 ஆகக் குறைக்கும் மாற்றத்தை எழுதிவிட்டேன், அடுத்த டிப்ளாயோடு போகும்.